இருபது நிமிடச் சோதனை

"பாம்பென்றால் படையும் நடுங்கும்" என்பர். செங்கற்பட்டு வயல்களிலும் மாமல்லபுரத்துக் கடலோரச் சவுக்குத் தோப்புகளிலும் உழைப்போர் இம்மொழியின் உண்மையை நன்கறிவர். கண்ணாடி விரியன் தீண்டிய ஒருவரை மருத்துவமனைக்குக் கொணர்ந்தவுடன், அவர் இரத்தத்தின் நிலையை அறிதற்கு ஒரு கண்ணாடிக் குழாயும் தாதியின் பொறுமையும் போதும். அச்சோதனையின் இயல்பை நாம் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இரத்தம் உறைவது எங்ஙனம்? காயம் பட்டவிடத்து, இரத்தத்திலுள்ள பல காரணிகள் ஒன்றையொன்று தூண்டி, முடிவில் பைப்ரினோஜென் என்னும் கரைபொருளை நூல்வலையாக மாற்றுகின்றன. அவ்வலையிற் சிக்கிய இரத்தமே கட்டியாகின்றது. விரியனின் நஞ்சோ ஐந்தாம், பத்தாம் காரணிகளை உடலெங்கும் வீணே தூண்டிவிடும். பைப்ரினோஜென் இவ்வாறு செலவழிந்து போக, இரத்தம் உறையுந் திறனை இழந்து, ஈறுகளினின்றும் சிறுநீர் வழியாகவும் கசியத் தொடங்கும்.

சோதனை முறை எளிது. நோயாளியின் நாளத்தினின்றும் 2 மில்லி இரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசையாது வைத்து, பின்னர் ஒரு முறை சாய்த்துப் பார்த்தல் வேண்டும். இரத்தம் நீராக ஓடுமாயின் நஞ்சு வேலை செய்கின்றதெனக் கொள்வர். கண்ணாடி எதற்கெனின், அதன் பரப்பே பன்னிரண்டாம் காரணியைத் தூண்டி உறைதலைத் தொடங்குவிக்கும். பிளாஸ்டிக் குழாய்க்கும், சோப்பிட்டுக் கழுவிய குழாய்க்கும் அத்திறன் இல்லை; அவற்றில் நல்ல இரத்தமும் உறையாது நின்று, வேண்டாத நஞ்சுமுறி மருந்தை ஏற்றச் செய்யும். அம்மருந்து குதிரையின் சீரத்தினின்றும் ஆக்கப்படுவதாதலின், ஒவ்வாமையால் உயிர்க்கே இடர் விளைதலும் உண்டு. மருந்தேற்றி 6 மணி நேரங் கழித்து மீண்டுஞ் சோதிப்பர். ஈரல் புதிய காரணிகளை ஆக்குதற்கு அத்துணைக் காலம் வேண்டும்.

ஆய்வுகூடத்திற் செய்யும் புரோதிராம்பின் நேரச் சோதனைக்கு, 9 பங்கு இரத்தத்திற்கு 1 பங்கு சிட்ரேட் என்பது அளவு. குழாய் குறியளவு நிரம்பாவிடின் சிட்ரேட் மிகுந்து, நேரம் பொய்யாக நீளும்.

நிற்க. நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்புகளைத் தாக்குவன. குழாயில் இரத்தம் உறைந்திருப்பினும் மூச்சு நின்றுபோதல் கூடும். ஆதலின் நோயாளியின் இமை தாழ்தலையும் மூச்சையும் தாதியர் இடையறாது கவனித்தல் வேண்டும்.

நஞ்சுமுறி மருந்து செய்தற்கு வேண்டும் நஞ்சை, 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் எடுத்து உதவி வந்துள்ளனர். இருளருள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவர் 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். உயிரைப் பணயம் வைத்து அவர் ஈட்டிய மருந்து உரியவர்க்கு உரிய வேளையிற் சென்று சேர்தல், ஒரு தாதி குழாயைத் தேர்ந்தெடுத்து, 20 நிமிடம் அதனைத் தொடாது காத்திருத்தலைப் பொறுத்ததாகும்.