காரின் காற்றுப்பை: சந்தேகங்களும் விளக்கங்களும்

மாத்தளைப் பக்கம் ஓடும் விட்ஸ், ஃபிட் கார்களில் பல, ஜப்பானில் யாரோ ஓட்டிவிட்டு விற்றவை. டகாடா நிறுவனத்தின் எயார்பேக் கோளாறு பற்றி அத்தகைய கார் வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை.

உயிர் காக்கும் பை எப்படி ஆளைக் கொல்லும்?

பையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஊத வைப்பது, உள்ளே இருக்கும் ஓர் உலோகக் குப்பி. டகாடா அதில் அமோனியம் நைத்திரேற்று மருந்தை அடைத்தது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் அது. பகலில் சூடாகி இரவில் ஆறி, இப்படியே பல வருடம் போனால் மருந்து பழுதாகிவிடும். பிறகு ஒரு மோதலில் பற்றும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, குப்பியையே பிளந்து, இரும்புத் துண்டுகளை முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சும். 2014இல் மலேசியாவின் சிபு நகரில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படிப் பாய்ந்த துண்டால்தான் இறந்தார். உலகெங்கும் திரும்ப அழைக்கப்பட்ட குப்பிகள் 10 கோடிக்கு மேல். 2017இல் டகாடா திவாலானது.

அது வெளிநாட்டுப் பிரச்சினை அல்லவா?

இல்லை. அமெரிக்காவிலேயே புளோரிடா, ஹவாய் போன்ற வெப்பமும் ஈரமும் கூடிய இடங்களுக்குத்தான் முதலிடம் கொடுத்துக் குப்பிகளை மாற்றினார்கள். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு வெளியே மத்தியானம் வரை வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டில் கை வைத்துப் பாருங்கள். ரத்தோட்டையில் வெயில் குறைவு, ஈரம் குறைவில்லை. அதோடு நம் கார்களுக்கு வயதும் ஏறிவிட்டது. இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது.

காரைத் திரும்ப அழைக்கும் கடிதம் எதுவும் எனக்கு வரவில்லையே?

வராது. கடிதம் போவது பதிவில் உள்ள ஜப்பான்காரரின் விலாசத்துக்கு. கார் கடல் கடந்து, இரண்டு மூன்று கை மாறி உங்களிடம் வந்த கதை அந்தப் பதிவுக்குத் தெரியாது. ஜப்பானில் 2018 மே முதல், ஆபத்து கூடிய டகாடா குப்பியை மாற்றாத கார் கட்டாயப் பரிசோதனையில் தேறாது. அதற்கு முன்பே கப்பலேறிய கார்களை அந்தச் சட்டம் எட்டவில்லை.

எப்படிச் சரிபார்ப்பது?

பதிவுச் சான்றிதழில் சேசிஸ் இலக்கம் இருக்கும். உதாரணமாக, ஃபிட் ஹைபிரிட் சிலவற்றில் ஜீபீ1 என்று தொடங்கி, ஒரு கோடு, பிறகு எண்கள். டொயோட்டா, ஹொண்டா ஆகியவற்றின் ஜப்பானிய இணையத்தளங்களில் அதை அடித்தால் விடை வரும். பக்கம் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும், கைப்பேசியின் மொழிபெயர்ப்பு போதும். அல்லது முகவரிடம் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்: ஹொண்டாவுக்கு ஸ்டாஃபர்ட், டொயோட்டாவுக்கு டொயோட்டா லங்கா. ரீகண்டிஷன் காருக்கும் இலவசமாக மாற்றுவார்களா என்பதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

எயார்பேக் விளக்கு அணைந்தே இருக்கிறது. பயமில்லைதானே?

அந்த விளக்கு மின்சுற்றைத்தான் பார்க்கும். மருந்து கெட்டதை அது அறியாது.

பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய பை வாங்கிப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். அதுவும் ஏதோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றியதுதான், அதன் வயதை யார் அறிவார்? பையைக் கழற்றிவிட்டு, விளக்கு எரியாமலிருக்க ஒரு ரெசிஸ்டரைச் செருகும் கராஜ் வேலை இன்னும் மோசம். அடுத்து அந்தக் காரை வாங்குபவர், பை இருப்பதாக நம்பியே ஓட்டுவார்.

வருடா வருடம் சோதிக்கிறார்களே, அதில் அகப்படாதா?

தனியார் காருக்குப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும்தான் கேட்பார்கள். இதுதான் எனக்கு விளங்காத விஷயம். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் பிரதேச செயலகத்துக்கு ஒவ்வொரு காரின் விபரமும் வருடந்தோறும் போகிறது. அந்தக் கார்களின் சேசிஸ் இலக்கங்களை, திரும்ப அழைக்கப்பட்ட கார்களின் பட்டியலோடு ஒப்பிட ஒரு கணினி போதும். கார்க்காரர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஜப்பானிய எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பட்டியலில் என் கார் இருந்தால், மாற்றும்வரை ஓட்டலாமா?

2001 முதல் 2003 வரையிலான சில ஹொண்டா கார்களை ஓட்டவே வேண்டாம் என்று அமெரிக்க அதிகாரிகள் எச்சரித்தார்கள். சோதனையில் அந்தக் குப்பிகள் வெடிக்கும் வாய்ப்பு 50 வீதம் வரை இருந்தது. மற்றக் கார்களில் கோளாறு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பயணி பக்கம் என்றால் முன் இருக்கையை வெறுமையாக விட்டு, வீட்டாரைப் பின்னால் உட்கார வையுங்கள். சாரதி பக்கம் என்றால் மாற்றி முடியும் வரை பஸ்ஸில் போவது உத்தமம்.