துப்பறியும் சாம்பு: தூர்தர்ஷனில் சிரிக்க வைத்த அசட்டு டிடெக்டிவ்... இவர் நம்ம டெல்டாக்காரர் தெரியுமா?

தூர்தர்ஷன் காலத்தில் டிவி பார்த்தவர்களுக்கு 'துப்பறியும் சாம்பு'வை மறந்திருக்காது. சாம்புவாக நடித்தவர் காத்தாடி ராமமூர்த்தி. அந்தத் தொடரின் பின்னணியைத் தேடினால், குத்தாலம் வழியா போகும் ரயில் பாதையிலேயே பாதிக் கதை கிடைச்சிடும்!

யார் எழுதியது?

குத்தாலத்தில் ரயில் ஏறி நரசிங்கன்பேட்டை, ஆடுதுறை தாண்டினால் திருவிடைமருதூர். அங்கே 1913-ல் பிறந்தவர் ஆர்.மகாதேவன். 'தேவன்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதினார். 1942-ல் தொடங்கிய சாம்பு கதைகள் மொத்தம் 50.

சாம்புவின் ரகசியம் என்ன?

அந்தக் காலத்தில் துப்பறியும் நாவல்களுக்கு செம மவுசு. மன்னார்குடி பக்கத்து வடுவூர்க்காரரான துரைசாமி ஐயங்கார் படைத்த திகம்பர சாமியார் மகா புத்திசாலி. தேவன் அதை அப்படியே தலைகீழாக்கினார். சாம்புவுக்குத் துப்பறியவே தெரியாது! பயத்தில் எதையாவது உளறுவார். அதில் பெரிய துப்பு இருப்பதாக நினைத்து இன்ஸ்பெக்டர் கோபாலன் ஓடுவார். திருடன் மாட்டுவான், பேரு சாம்புவுக்கு! ஹாலிவுட்டில் இதே மாதிரி அசட்டு இன்ஸ்பெக்டரான குளூஸோ 'பிங்க் பேந்தர்' படத்தில் வந்தது 1963-ல்தான்.

முகம் கொடுத்தது யார்?

முதலில் விகடனில் சாம்புவை வரைந்தவர் ஓவியர் ராஜு. பிறகு படக்கதையாக வரைந்தவர் கோபுலு. 1924-ல் தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர்.

காத்தாடிக்கு என்ன சவால்?

புத்தகத்தில் சாம்புவின் மனசில் என்ன ஓடுகிறது என்பதை தேவனே சொல்லிவிடுவார். டிவியில் அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. சாம்பு அசடு என்பது பார்க்கிறவங்களுக்குத் தெரியணும், கூட இருக்கிற கோபாலனுக்குத் தெரியக் கூடாது. நடிகர் லேசா சிரிச்சாலும் ஜோக் செத்துடும். முழுக்க முழுக்க முகத்தில் காட்ட வேண்டிய வேலை இது.

காத்தாடி ராமமூர்த்தி கும்பகோணத்துக்காரர், மேடையில் பழுத்த அனுபவசாலி. சோவின் 'இஃப் ஐ கெட் இட்' நாடகத்தில் காத்தாடி என்ற கார்ட்டூனிஸ்டாக நடித்ததால்தான் அந்தப் பட்டப்பெயரே வந்தது. கிரேஸி மோகன் எழுதிய 'அய்யா அம்மா அம்மம்மா' நாடகத்தையும் மேடையேற்றியவர். அந்த மேடைப் பழக்கம் சாம்புவுக்குக் கை கொடுத்தது.

தேவன் பார்த்தாரா?

இல்லை. தன் 'கோமதியின் காதலன்' 1955-ல் சினிமாவாக வந்ததைத்தான் அவர் பார்த்தார். 1957 மே 5-ம் தேதி, 43 வயசிலேயே காலமாகிவிட்டார். இந்தியாவில் டிவி வந்தது 1959-ல், சென்னைக்கு வந்தது 1975-ல். அதாவது, சாம்பு பிறந்து 33 வருஷம் கழித்துத்தான் சென்னையிலேயே டிவி ஓடத் தொடங்கியது!

எழுதியவர் பார்க்காத திரையில் அவருடைய அசட்டு ஹீரோ எடுபட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு கதையும் தனித்தனியாக முடியும், ஒரு எபிசோடுக்குக் கச்சிதமா பொருந்தும். சாம்பு கதைகள் இப்பவும் புத்தகமாகக் கிடைக்கின்றன. சீரியல் பார்க்காதவங்க எந்தக் கதையில் இருந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்.