குறைமாதக் குழந்தைக்கு வென்டிலேட்டர் டியூப் எடுத்த பிறகு என்னென்ன கேட்க வேண்டும்?

"டியூப் எடுத்தாச்சு" என்று நர்ஸ் சொன்னதும் வாசலில் நிற்கும் குடும்பத்துக்குப் போன உயிர் திரும்பி வரும். மறு நிமிடமே, "அப்புறம் ஏன் மூக்கில் இன்னும் மெஷின்?" என்ற பயம் பிடித்துக்கொள்ளும். குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சு போதிய அளவு ஊறியிருக்காது. வென்டிலேட்டரை எடுத்ததும் அவை சுருங்கப் பார்க்கும். மூக்கு வழியே விடாமல் காற்றழுத்தம் கொடுத்து அவற்றை விரித்து வைப்பதுதான் சிபாப். மூச்சுவிட மறந்துபோகிற குழந்தைக்குக் காஃபீன் மருந்தும் தருவார்கள். காப்பியில் இருக்கும் அதே சரக்குதான். சில குழந்தைகளுக்கு மறுபடி டியூப் போட நேரும். அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்தாக வேண்டும். சிபாப் குழாய் அழுத்தி, இரண்டு நாசித் துளைகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தோல் சிவக்கும், வெளுக்கும், புண்ணாகும். வயிறு உப்பும். இவை கண்ணில் பட்டால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று தயங்காதீர்கள்.

ஆக்சிஜன் போகும்போது மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 100 என்று தெரிந்தால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். குறைமாதக் குழந்தைக்குப் பொதுவாக 90 முதல் 95 வரை போதும். மிஞ்சினால் விழித்திரை கெடலாம். 1996 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆக்சிஜன் கொடுத்தார்கள், கண் பரிசோதனை செய்யவில்லை, செய்யச் சொல்லவும் இல்லை. பார்வை போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் கொடுத்தது 5 லட்சம். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. பணம் வந்தது, கண் வரவில்லை.

34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு நான்கு வாரத்துக்குள் கண் பரிசோதனை நடக்க வேண்டும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரத்திலேயே.

நோயுற்ற சிசுவுக்கு ஒரு வயது வரை அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் இலவசம். காசு கேட்டால், திங்கட்கிழமை உங்கள் மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். சிகிச்சைப் பதிவேட்டின் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் கவனக்குறைவு என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எழுதி வாங்கிய பிறகு ஆட்டோ ஏறுங்கள்.