புரை பழுக்கக் காத்திருக்கலாமா?

கண்ணில் விழுந்த புரை நன்றாய்ப் பழுக்கட்டும் என்று காத்திருப்போர் இன்னும் உளர். அதில் பேரபாயம் உண்டு. புரை முற்றிய வில்லை சில சமயம் நீர் கோத்து வீங்கி, முன்னுள்ள கருந்திரையைத் தள்ளும். விழிக்குள் ஊறும் நீர் வடியும் கோணம் அடைபடும். அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு நசியும். இதுவே வில்லையால் விளையும் கிளாக்கோமா.

அவ்வமயம் விழியின் முன்படலம் மங்குவதால், ஒளி கொண்டு உள்ளே காண்பது அரிது. ஒலிக்கோ அத்தடை இல்லை. டொராண்டோ நகரில் பாவ்லின், பாஸ்டர் என்போர் 1990-ஐ ஒட்டி அமைத்த கருவி, விநாடிக்குச் சுமார் 5 கோடி அதிர்வுள்ள ஒலியை அனுப்பி, எதிரொலியால் 5 மில்லிமீட்டர் ஆழம் வரை படம் வரைகிறது. வில்லையின் வீக்கமும், கோணத்தின் அடைப்பும், வில்லையைத் தாங்கும் இழைகளின் சிதைவும் அதில் புலனாகும்.

அழுத்தத்தைத் தணித்து வில்லையை அகற்றுவதே பரிகாரம். ஆயின், நசிந்த நரம்பை எந்த வைத்தியமும் மீட்டுத் தராது. ஆதலின் நேயர்களே, புரைக்குப் பருவம் பார்க்க வேண்டாம்!