வீணைச் சுருதியில் ஒரு கிற்றார்

சண்டிலிப்பாய்க் கல்வளைப் பிள்ளையார் கோயிலுக்கு அணித்தாயுள்ள வீடொன்றில் மாலை வேளைகளில் வயலின் ஓசை எழுவது வழக்கம். அங்கே கற்பிக்கும் அம்மையார் எமக்கு அயலவர். சென்ற ஆண்டு ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையிற் கிற்றார் ஒன்றைக் கண்டு சற்றே வியந்தோம். கொணர்ந்தவன் எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன். இளமையில் மாமரத்தினின்று விழுந்தமையால் அவனுடைய இடக்கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் சரிவர மடங்கா. மாமனார் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய அவ்வாத்தியம் ஆறு மாதமாக உறைக்குள்ளேயே கிடந்ததாம்.

"இந்தக் கையாலை கோட் பிடிக்க ஏலாது, ரீச்சர். வித்துப்போடுவமோ எண்டு யோசிக்கிறன்" என்றான்.

அம்மையார் வெறுந்தந்திகளை மீட்டிப் பார்த்தார். "தம்பி, சுருதி சேர்க்காமலே வைச்சிருக்கிறாய்?"

"சேர்த்துத்தான் இருக்கு, ரீச்சர். அதின்ரை முறை அதுதான்."

இருவர் கூற்றும் உண்மையே. கிற்றாரின் ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என நிற்பது உலக வழக்கு. விரல் வையாது ஒருசேர மீட்டினால் அவை ஒன்றோடொன்று இசையா. விரல் வையாமலே இசைந்தொலிக்குமாறு தந்திகளை அமைக்கும் முறையும் உண்டு. அதனை ஓப்பன் டியூனிங் என்பர். அவற்றுள் எளிதான ஒன்றில் ஆறாம், ஐந்தாம், முதலாம் தந்திகளை மட்டும் இவ்விரண்டு மெட்டளவு தளர்த்தினாற் போதும். அப்பொழுது டீ, ஜீ, டீ, ஜீ, பீ, டீ என வரும். ஜீயை ஷட்ஜமாகக் கொண்டு பாருங்கள்: ப, ஸ, ப, ஸ, க, ப! முதல் நான்கும் வீணையின் வாசிப்புத் தந்திகளின் வரிசையே அன்றோ? நான்கு தந்தியுடைய பேஸ் கிற்றாரிலோ வேலை இன்னும் குறைவு. தடித்த இரண்டையும் அவ்வாறே தளர்த்தினால் ப, ஸ, ப, ஸ கிடைத்துவிடும்.

பிறநாட்டுக் கருவியைத் திருத்தலாமோ என்று தயங்குவோர், வயலினை எண்ணிப் பார்க்கலாம். ஐரோப்பாவில் அது ஜீ, டீ, ஏ, ஈ. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) காலத்தில் நம் இசைக்குள் வந்த அதனை நம்மவர் ஸ, ப, ஸ, ப ஆக்கிக்கொண்டனர். கிற்றாரை மடியிற் கிடத்தி, கோட்டுவாத்தியம்போல் உருளையால் வழுக்கி வாசித்த விஸ்வ மோகன் பட் 1994ஆம் ஆண்டில் கிராமி விருதே பெற்றார்.

மாணவனுக்கு நாம் எடுத்துக் கூறியது வேறொருவர் கதை. கனடா நாட்டுப் பாடகி ஜோனி மிட்செல் ஒன்பதாம் வயதில், 1953இல், இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டார். இடக்கை வலிமை குன்றியமையால் விரலுக்கு எளிதான சுருதிகளைத் தாமே தேடிக்கொண்டார். அவருடைய பாடல்களின் தனித்தன்மைக்கு அச்சுருதிகளும் ஒரு காரணம். இதைக் கேட்டு அவன் பெரிதாக மகிழ்ந்தான் என்று சொல்வதற்கில்லை. அம்மையார் கூறியதே அவனை நிமிரவைத்தது.

"வீணைக்கு இடக்கையிலை ஆள்காட்டி விரலும் நடுவிரலுந்தான் முக்கியம், தம்பி. அது ரெண்டும் உனக்கு நல்லாய்த்தானே இருக்கு?"

அன்றே தந்திகள் தளர்ந்தன. (தளர்த்துவதே நன்று. கண்டபடி முறுக்கினால் தந்தி அறும்; கழுத்தும் வளையக்கூடும்.) நவராத்திரியில் அவ்வீட்டுக் கொலுவின்முன் மோகனத்தில் ஒரு கீதம் வாசித்தான். இரண்டிடத்திற் பிழைத்தான், ஆயினும் முடித்தான். தந்தையார் வாசலிலே செருப்பைக் கழற்றாமல் நின்றே கேட்டார்.

எல்லா இராகத்திற்கும் இவ்வமைப்புப் பொருந்தாது. வெறுந்தந்தியில் நிற்பது அந்தர காந்தாரம். மோகனத்திற்கும் சங்கராபரணத்திற்கும் அது உறவு. கரகரப்பிரியாவுக்கு இரண்டாந் தந்தியை ஒரு மெட்டு இறக்கவேண்டும். இந்தோளத்திலோ பஞ்சமமே இல்லை. மூன்று தந்திகள் பகையாகிவிடும். மத்திமத்திற்கு இறக்கினால் தடித்த தந்தி தொய்ந்து மெட்டில் மோதி இரைகின்றது.

"அப்ப இந்தோளத்துக்கு என்ன செய்யிறது, ரீச்சர்?" என்று சென்ற கிழமை கேட்டான். தடித்த தந்தியொன்று வாங்கிவர யாழ்ப்பாணப் பட்டினம் போயிருக்கின்றான்.