துடுப்பு மட்டும் கொஞ்சம் பெரிசு

1961 மே 5 அன்று ஆலன் ஷெப்பர்டை விண்வெளிக்கு ஏற்றிவிட்டது மெர்க்குரி-ரெட்ஸ்டோன் ராக்கெட். அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர் அவர். போய்வந்த நேரம் மொத்தம் 15 நிமிடம்தான். ராக்கெட்டின் உயரம் உச்சியிலிருந்த தப்பிப்புக் கோபுரத்தையும் சேர்த்து 25.4 மீட்டர், விட்டம் 1.78 மீட்டர். அதன் மாடல் கிட்டுகளை அமெரிக்காவில் சிறுவர்களும் பெரியவர்களும் வாங்கி ஒட்டி, வண்ணம் பூசி, மைதானத்தில் பறக்க விடுகிறார்கள்.

இத்தகைய கிட்டுகளில் 'செமி ஸ்கேல்' என்றொரு வகை உண்டு. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும். அளவுகோலை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பெரும்பாலும் கணக்கு காகிதக் குழாயிலிருந்துதான் தொடங்குகிறது. கம்பெனியிடம் ஏற்கெனவே 41.6 மில்லிமீட்டர் குழாய் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வார்கள். 1.78 மீட்டரை அதற்குள் அடக்கினால் மாடல் அசலைவிடக் கிட்டத்தட்ட 43 மடங்கு சிறியது. உயரம் 59 சென்டிமீட்டர். அசலில் உள்ள சின்னச் சின்னக் குழாய்களையும் மூடிகளையும் விட்டுவிடுவார்கள். அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை. வேண்டுமென்றே மாற்றுகிற இன்னொன்று இருக்கிறது: வால் துடுப்பு. அதை அசலின் விகிதத்தைவிடப் பெரிதாக வைப்பார்கள்.

அசல் ரெட்ஸ்டோன் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும். சாய்வதை உள்ளிருந்த கருவி கண்டுபிடித்ததும், துடுப்பு ஓரத்துச் சுக்கான்களும் எஞ்சினிலிருந்து சீறும் வாயுத் தாரைக்குள் நீட்டியிருந்த கரித்தகடுகளும் திரும்பி அதை நிமிர்த்தும். மாடலில் அப்படி எதுவும் கிடையாது. மேடையில் அதைத் தாங்கி நிற்கும் ஏவுகம்பியை விட்டுக் கிளம்பியபின் அதை நேராக வைத்திருப்பது காற்று ஒன்றுதான்.

ஒவ்வொரு ராக்கெட்டிலும் இரண்டு புள்ளிகளைக் கவனிக்க வேண்டும். எடை சமமாகும் இடம் ஈர்ப்பு மையம். பக்கவாட்டுக் காற்றின் தள்ளுதல் முழுதும் குவிவதாகக் கொள்ளும் இடம் அழுத்த மையம். அழுத்த மையம் பின்னால் இருந்தால், ராக்கெட் சாய்ந்தவுடன் காற்று வாலைத் தள்ளி நேராக்கிவிடும். அம்பின் முனையில் இரும்பின் கனமும் வாலில் இறகும் செய்வது இதைத்தான். மாறி அமைந்தால் நடுவானில் குட்டிக்கரணம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது குழாயின் விட்டம் அளவுக்காவது இடைவெளி வேண்டும் என்பது அனுபவ விதி. மாடலை மேலே தள்ளும் வெடிமருந்து மோட்டாரோ வாலில் உட்கார்ந்து எடையைப் பின்னுக்கு இழுக்கிறது. ஆகவே துடுப்பைப் பெரிதாக்கி அழுத்த மையத்தைப் பின்னே தள்ளலாம், அல்லது மூக்கில் களிமண் அடைத்து ஈர்ப்பு மையத்தை முன்னே கொண்டுவரலாம். செமி ஸ்கேல் கிட் முதல் வழியைப் பிடிக்கிறது, போதாதென்றால் இரண்டையும்.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். மோட்டாரையும் பாராசூட்டையும் உள்ளே வைத்து, சமமாக நிற்கும் இடத்தில் கயிற்றைக் கட்டி, தலைக்கு மேலே சுழற்றுங்கள். மூக்கு முன்னால் போனால் நல்லது. வால் முன்னால் வந்தால் மூக்கில் இன்னும் கொஞ்சம் களிமண்.

ஒட்டும் வேலையில் இரண்டு இடங்களில் நிதானம் தேவை. துடுப்பு மெல்லிய பால்சா மரம். அதன் இழை முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் தரையிறங்கும்போது முறிந்துவிடும். மோட்டார் பிடிப்பானைக் குழாய்க்குள் நுழைக்கும்போது பாதியில் நிறுத்தக் கூடாது. ஃபெவிகால் மாதிரிப் பசையின் ஈரத்தைக் காகிதம் உடனே உறிஞ்சி, நின்ற இடத்திலேயே கவ்விக்கொள்ளும். பிறகு அசைக்க முடியாது.

ரெட்ஸ்டோனின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அழகுக்காக வந்தவை அல்ல. ராக்கெட் எவ்வளவு சுழல்கிறது என்று தரையிலிருந்த கேமராக்கள் பிடிப்பதற்காக. மாடலில் அந்தக் கோடு கூர்மையாக வர ஒரு உத்தி உண்டு: முதலில் வெள்ளை அடித்துக் காயவிடுங்கள், மாஸ்கிங் டேப் ஒட்டி அதன் ஓரத்தில் மீண்டும் மெல்ல வெள்ளையே அடியுங்கள், அதன்பின் கறுப்பு. ஓரத்து இடுக்கை வெள்ளை அடைத்துவிடுவதால் கறுப்பு கசியாது.

மோட்டாரின் மேல் சி6-3 என்பது போல அச்சிட்டிருக்கும். எழுத்து மொத்தக் கணத்தாக்கை, அதாவது உந்துவிசையை அது நீடிக்கும் நேரத்தால் பெருக்கிய அளவை, சொல்கிறது. சி என்றால் 5 முதல் 10 நியூட்டன் வினாடி வரை, ஒவ்வொரு எழுத்துக்கும் உச்சவரம்பு இருமடங்கு. 6 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 3 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும் சிறு வெடிக்கு முன் கடக்கும் வினாடிகள். எடை கூடிய, காற்றுத் தடை மிகுந்த மாடல் சீக்கிரம் வேகம் இழக்கும் என்பதால் அதற்குத் தாமதம் குறைவாகவே இருக்க வேண்டும்.

ஏவும்போது இந்த அளவு மோட்டாருக்கு 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தியும் கிளம்பவில்லையா? ஏவுபொத்தான் பெட்டியின் சாவியைப் பிடுங்கிவிட்டு ஒரு நிமிடம் யாரும் கிட்டே போகக் கூடாது. இது வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு அசல் ரெட்ஸ்டோனின் கதையையே சொல்லலாம். 1960 நவம்பர் 21, ஆளில்லாச் சோதனை. இரண்டு மின்னிணைப்புகள் வரிசை மாறிப் பிரிந்ததால் ராக்கெட் பத்து சென்டிமீட்டர் எழும்பியதும் எஞ்சின் அணைந்து, மறுபடி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டது. தப்பிப்புக் கோபுரம் மட்டும் தனியாகப் பறந்துபோனது. வீரர் அமர்வதற்கான கலத்தின் பாராசூட்டுகள் வெளியே விழுந்து காற்றில் தொங்கின. எரிபொருள் நிரம்பிய ராக்கெட்டை என்ன செய்வது? துப்பாக்கியால் தொட்டியில் ஓட்டை போடலாமா என்றுகூட யோசனை வந்தது. கடைசியில் பேட்டரி தீரும்வரை, மறுநாள் காலைவரை, காத்திருந்தார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-இல் மாடல் ராக்கெட்டை உருவாக்கினார். ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் வேலை பார்த்த ஜி. ஹாரி ஸ்டைன் அதைப் பரப்பினார். ஸ்டைனின் கவலையே, வீட்டில் மருந்து இடித்துக் குழாயில் அடைத்துக் கை கால் இழந்த பையன்களைப் பற்றித்தான். இந்தியாவில் வெடிபொருள் 1884-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அனுமதி இல்லாமல் தயாரிப்பது குற்றம். கிட்டை ஒட்டுங்கள், வண்ணம் பூசுங்கள், கயிறு கட்டிச் சுழற்றிப் பாருங்கள். மோட்டாரை மட்டும் நீங்களாகச் செய்ய முயலாதீர்கள்.