அம்மைப்பாலும் ஒரு போலிச் சுவடியும்

2021-ஆம் ஆண்டு, கொரோனா தடுப்பூசிக்காக இந்த மும்பையில் வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற தமிழ் அன்பர் ஒருவர் தம் கைபேசிக்கு வந்த செய்தி ஒன்றைக் காட்டினார். "பாத்தீங்களா ஐயா, ஜென்னருக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடியே நம்ம தன்வந்திரி அம்மை குத்தியிருக்கார். வெள்ளைக்காரன் நம்மகிட்டேருந்து எடுத்துக்கிட்டதுதான் இதெல்லாம்" என்றார். பசுவின் மடியில் தோன்றும் கொப்புளத்து நீரைக் கத்தி நுனியில் எடுத்து, மனிதர் புஜத்தில் கீறி ஏற்றினால் பெரியம்மை வராது என்று சுலோகத்தின் பொருளும் அதில் இருந்தது.

படித்ததும் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் வியாபாரி. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விலை பேசிப் பழக்கமில்லை. அந்தச் சுலோகம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன். தேடல் நம் சென்னைப் பட்டணத்தில் போய் நின்றது.

முதலில் எல்லாருக்கும் தெரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1796 மே 14 அன்று இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்ற மருத்துவர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றினார். பிறகு பெரியம்மை நீரையே ஏற்றிப் பார்த்தபோதும் அவனுக்கு நோய் வரவில்லை. 1798-இல் இதை நூலாக வெளியிட்டார்.

இந்த அம்மைப்பாலை இந்தியாவுக்குக் கொண்டுவருவது எளிதாக இல்லை. குளிர்ப்பெட்டி இல்லாத காலம். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். அதைப் பாதுகாக்க உறுதியான இடம் மனித உடம்புதான். ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டாம் நாள் வாக்கில் எழும் கொப்புளத்தின் தெளிந்த நீரை அடுத்த குழந்தைக்கு ஏற்ற வேண்டும். அந்தக் குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்கு. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் மறுபடி முதலிலிருந்துதான். வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா என்று வந்து, கப்பலேறி, 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆனா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு அது குத்தப்பட்டது. இந்தியாவில் முதன்முதலில் அம்மை குத்திக்கொண்டு பலன் கண்டது அந்தக் குழந்தைதான். அவள் கையிலிருந்து கிளம்பிய தொடர்தான் புனா, ஐதராபாத், சென்னை என்று பரவியது. நாம் பிழைக்க வந்த இந்த ஊருக்கு இப்படியும் ஒரு பெருமை உண்டு.

மருந்து வந்து சேர்ந்தது. ஆனால் மக்கள் கை நீட்ட வேண்டுமே! பெரியம்மை நம்மவர்க்கு வெறும் நோயன்று. அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டிக் காத்திருப்பார்கள். அதைத் தடுப்பது தெய்வத்தையே தடுப்பதாகாதா? அதுவும் எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்த நீரோ, யார் கண்டார்? இப்படித் தயங்கியவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். நேற்று வந்த கும்பினியார் கத்தியும் கையுமாக நின்றால் யார்தான் பிள்ளையை நீட்டுவார்கள்?

இங்கேதான் எல்லிஸ் துரை வருகிறார். பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்ற பெயர் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து உரை எழுதியவர். 1812-இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமையக் காரணமானவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்பே, 1816-இல், எழுதியவர். 1818-இல் கிணறு வெட்டி, கல்வெட்டில் குறளைப் பொறித்தவரும் இவரே.

இந்த எல்லிஸ் ஒரு காரியம் செய்தார். அம்மை குத்துவதைப் பற்றி வடமொழியில் ஒரு சிறு செய்யுளைத் தாமே இயற்றி, பழைய தாளில் எழுதச்செய்து, பழஞ்சுவடியில் கிடைத்ததாகப் பரப்பினார் என்று சர் ஜான் மால்கம் 1826-இல் வெளியான தம் வரலாற்று நூலில் குறித்திருக்கிறார். தாம் வணங்கும் பசுவிடமிருந்தே வந்த மருந்து, அதுவும் தம் முன்னோர் சொன்னது என்றால் பிராமணர்கள் ஏற்பார்கள், அவர்கள் ஏற்றால் ஊர் ஏற்கும் என்பது கணக்கு. 1819 ஜனவரியில் 'மதராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. தன்வந்திரி அருளிய 'சாக்தேய கிரந்தம்' என்ற நூலில் அம்மை குத்தும் முறை உள்ளதாக அது சொன்னது. என் நண்பர் கைபேசியில் வந்த சுலோகத்தின் வேர் இதுதான்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதுச்சேரியில் பாதிரிமார் சிலர் வேதம் போலவே பாவனை செய்து எழுதிய 'எசூர் வேதம்' என்ற நூலை, மெய்யான பழம் நூல் என்று பிரான்சில் வால்டேர் வரை நம்பினார்கள். அது போலி என்று காட்டிக் கட்டுரை எழுதியவர் யார் தெரியுமா? இதே எல்லிஸ்தான். அவர் 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சை உட்கொண்டு இறந்த பின், 1822-இல் அக்கட்டுரை அச்சேறியது.

எல்லிஸ் செய்தது சரியா? பல நாள் இதை யோசித்தேன். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்பது வள்ளுவர் கருத்து. பிள்ளைகள் உயிர் பிழைப்பதைவிடப் பெரிய நன்மை ஏது? எங்கள் சமண நெறியிலும், பிற உயிருக்குக் கேடு தரும் உண்மையைச் சொல்லாமல் இருப்பது வாய்மை விரதத்தில் அடங்கும். ஆனால் அதே விரதத்துக்கு வரும் ஐந்து குற்றங்களில் 'கூடலேகம்' ஒன்று என்று தத்துவார்த்த சூத்திரம் தனியாக எடுத்துச் சொல்கிறது. கூடலேகம் என்றால் பொய்யாவணம் எழுதுவது. வாயால் சொன்ன பொய் காற்றோடு போகலாம். எழுதிய பொய் எழுதியவன் செத்த பிறகும் வேலை செய்யும் என்பதால்தான் அதைத் தனியே எண்ணினார்கள் என்று நான் நினைக்கிறேன். கணக்கு எழுதுகிறவனுக்கு இது நன்றாகவே புரியும்.

அந்தப் பொய் எப்படி வேலை செய்தது பாருங்கள். 1905-இல் கிண்டியில் கிங் நிலையத்தைத் திறந்துவைத்த ஆளுநர் ஆம்ப்தில் பிரபுவே, பழைய இந்தியாவில் அம்மை குத்தும் முறை தெரிந்திருக்கலாம் என்று பேசினார். ஆளுநர் பேச்சு அடுத்தவருக்குச் சான்றாயிற்று. அடுத்தவர் நூல் அதற்கடுத்தவருக்கு. 1987-இல் டொமினிக் வுஜாஸ்டிக் என்ற வடமொழி அறிஞர் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் பிடித்துப் போய், மூலத்தில் அப்படி ஒரு பழம் நூலே இல்லை என்று காட்டினார். ஆனாலும் அது இன்றும் கைபேசியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதனால் நமக்கு நட்டம் என்ன என்று கேட்பீர்கள். இருக்கிறது. போலிப் பெருமை வந்து உட்கார்ந்து, மெய்யான பெருமையை எழுப்பி அனுப்பிவிட்டது. ஜென்னருக்கு முன்பே வங்காளத்தில் அம்மை குத்துவோர் இருந்தார்கள். அவர்கள் ஏற்றியது மாட்டம்மை அல்ல, மனிதரின் பெரியம்மை நீரே. 1767-இல் ஹால்வெல் என்பவர் இலண்டன் மருத்துவர்களுக்காக இதை விரிவாக எழுதியிருக்கிறார். கோடைக்கு முன்பே ஊர் ஊராக வருவார்கள். புதிய சீழை எடுக்காமல் முந்தைய ஆண்டு எடுத்துப் பஞ்சில் காத்த நீரையே, கங்கை நீரில் நனைத்துப் பயன்படுத்துவார்கள். மீன், பால், நெய் தவிர்க்கப் பத்தியம் சொல்வார்கள். இந்த முறையில் ஆபத்தும் இருந்தது. குத்திக்கொண்டவரிடமிருந்து மற்றவருக்கு அம்மை பரவலாம். என்றாலும் அது அனுபவத்தில் கண்ட அறிவு, பெயர் தெரியாத எளியவர்களின் அறிவு. பெருமைப்பட வேண்டுமானால் இதற்கல்லவா பட வேண்டும்?

பொய் சொல்லாமலும் மக்களை இணங்கவைக்க வழி இருந்தது. 1805-இல் தாமஸ் ஹிக்கி வரைந்த மைசூர் அரசியர் ஓவியம் ஒன்று உண்டு. அதில் இளைய அரசி சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையைக் காட்டி நிற்கிறார். அம்மை குத்திய இடத்தைக் குடிமக்களுக்குக் காட்டத்தான் அப்படி நிற்கிறார் என்பது வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலரின் முடிவு. ராணியே குத்திக்கொண்டாள் என்றால் அதற்குமேல் சுலோகம் எதற்கு?

1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. என் வயதுக்காரர்களின் புஜத்தில் மட்டும் அந்த வட்டத் தழும்பு இருக்கிறது. "இது என்ன தாத்தா?" என்று பேரன் கேட்டான். ஆனா டஸ்ட்ஹாலையும், வங்காளத்து அம்மை குத்துவோரையும், மைசூர் ராணியையும் சொன்னேன். எல்லிஸ் துரையையும் மறைக்கவில்லை. நல்ல மனிதர், தமிழுக்கு வேண்டியவர், ஆனால் இதில் தவறிவிட்டார் என்றேன்.

வரிசையில் நின்ற நண்பரிடமும் பின்னர் இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். கொஞ்சம் முகம் வாடினார். பிறகு, "அப்போ அந்த வங்காளத்துக் கதையை அனுப்புங்க ஐயா, அதை நாலு பேருக்கு அனுப்பறேன்" என்றார்.